பிளஸ் ஒன் மாணவர்களைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு அழைத்துப் போகும் முன் என்ன சொல்லித்தருவது?

வணக்கம் டீச்சர். பிளஸ் ஒன் பிள்ளைகள் 40 பேரைச் சேப்பாக்கத்தில் உள்ள சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு ஒரு நாள் அழைத்துப் போகத் திட்டம், கையில் மூன்று வாரம் இருக்கிறது, அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று என்னென்ன சொல்லி அழைத்துப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். நடந்துகொள்ளும் விதத்தைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். உங்கள் கேள்விக்குள் இருக்கும் கவலை அதைவிடப் பெரியது என்று படுகிறது. பிள்ளைகள் கட்டடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, வாசலில் குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு, ஒரு பக்கம்கூடப் படிக்காமல் திரும்பிவிடக் கூடாது, அதுதானே? அந்தக் கவலைக்கே பதில் எழுதுகிறேன். வாசலில் நுழையும்போது ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு கேள்வியும், அந்தக் கேள்விக்கான நான்கைந்து புத்தகங்களின் எண்களும் எழுதிய தாள் இருக்க வேண்டும். புத்தகம் தேடும் வேலையை நூலகத்துக்குப் போன பிறகு தொடங்கினால் மதியச் சாப்பாடு வரை தேடல் மட்டும்தான் நடக்கும்.

முதலில், எல்லா நூலகத்துக்கும் பொருந்துவது எது, இடத்துக்கு இடம் மாறுவது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக நூலகம் அதன் மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் உரியது. பள்ளிப் பிள்ளைகள் விருந்தினர்கள்தான். அதனால் முன் அனுமதி இல்லாமல் போக முடியாது, புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துவரவும் முடியாது. இந்த இரண்டும் நிச்சயம். ஒரே நேரத்தில் எத்தனை பேரை விடுவார்கள், புத்தக அடுக்குகளுக்குள் போக விடுவார்களா, சீட்டு எழுதிக் கொடுத்து வாங்க வேண்டுமா, செல்போனில் படம் எடுக்கலாமா, ஸெராக்ஸ் உண்டா, கட்டணம் உண்டா என்பதெல்லாம் நூலகத்துக்கு நூலகம் மாறும். ஒரே நூலகத்திலேயே பிரிவுக்குப் பிரிவு மாறும். இவற்றை ஊகித்துப் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். கடிதத்திலேயே வரிசையாகக் கேட்டு, பதில் வந்த பிறகு சொல்லுங்கள்.

கடிதம் முதல் நாளே போய்விட வேண்டும். பள்ளியின் லெட்டர்ஹெட்டில், தலைமையாசிரியர் கையெழுத்தோடு, நூலகர் பெயருக்கு எழுதுங்கள். பதிவாளர் வழியாக வர வேண்டும் என்றால் அவர்களே சொல்வார்கள். ஒரு தேதிக்குப் பதில் இரண்டு தேதி கொடுங்கள். பல்கலைக்கழகத் தேர்வுக் காலத்தில் வாசிப்பு அறையில் நாற்காலி கிடைக்காது, நவம்பரில் மழையும் சேர்ந்துகொள்ளும். இந்த இரண்டையும் தவிருங்கள். வகுப்பு, பிள்ளைகளின் எண்ணிக்கை, கூட வரும் ஆசிரியர்கள், எந்தத் தலைப்புகள் என்பதோடு, 'தேவைப்படும் புத்தகங்களின் பட்டியலைப் பத்து நாளில் அனுப்புகிறோம்' என்ற வரியையும் சேருங்கள். 'நூலகத்தைப் பார்வையிட' என்று கடிதம் போனால் ஒருவர் வந்து அரை மணி நேரம் சுற்றிக்காட்டி அனுப்பிவைப்பார். 'இந்தத் தலைப்புகளில் படித்துக் குறிப்பெடுக்க' என்று போனால் மேஜை ஒதுக்கித் தருவது பற்றி யோசிப்பார்கள்.

40 பேரை ஒரே நாளில் அழைத்துப் போகாதீர்கள். 20 பேராக இரண்டு நாள் வையுங்கள், ஒவ்வொரு நாளும் இரண்டு ஆசிரியர் போங்கள். இதற்கு ஒழுக்கம் காரணம் இல்லை, கணக்குதான் காரணம். 20 பேரை இரண்டிரண்டு பேராகச் சேர்த்தால் 10 ஜோடி. ஜோடிக்கு 3 புத்தகம் என்றால் 30. மூடிய அடுக்கிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துவர 5 நிமிடம் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு ஊழியர் 30 புத்தகம் எடுக்க 150 நிமிடம், அதாவது இரண்டரை மணி நேரம் ஆகும். 40 பேர் என்றால் ஐந்து மணி நேரம். பட்டியல் முன்கூட்டியே போய்விட்டால் அந்தப் புத்தகங்கள் காலையிலேயே ஒரு மேஜைமேல் எடுத்து வைக்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. நூலகருக்கும் அது சிரமக் குறைவு.

தேதி உறுதியானதும் நீங்கள் மட்டும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். எத்தனை நாற்காலி காலியாக இருக்கும், பை எங்கே வைக்க வேண்டும், குடிநீரும் கழிப்பறையும் எங்கே, கட்டுச்சோறு எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்ற நான்கும் தெரிந்தால் போதும்.

இனி பிள்ளைகளிடம் செய்ய வேண்டியது. முதல் வாரம் முழுவதையும் கேள்வியை உருவாக்கவே கொடுங்கள். எதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்க வேண்டாம். பிள்ளைகள் 'சென்னையில் நீர் மாசுபாடு' என்று தலைப்பு எழுதிக்கொண்டு வருவார்கள். அது ஒரு கேள்வியே இல்லை. அதை எப்படிக் கேள்வியாக்குவது என்று ஒரு உதாரணத்தை வகுப்பில் எல்லார் முன்னாலும் செய்து காட்டுங்கள். பக்கிங்ஹாம் கால்வாயை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் தினமும் பார்ப்பதுதான். இப்போது சாக்கடையாக ஓடுகிறது என்பதும் தெரியும். 'இது எதற்காக வெட்டப்பட்டது?' என்று கேட்டால் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. சென்னைக்கு வடக்கே 1806-இல் கொக்ரேன் என்பவர் பெயரில் தொடங்கிய கால்வாய் அது. 1876-78 பஞ்சத்தின்போது கூலி வேலை கொடுப்பதற்காகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் பகுதி வெட்டப்பட்டது. அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் அதற்கு வந்தது. உப்பும் விறகும் நெல்லும் படகில் வந்த வழி. இவ்வளவும் எளிதாகக் கிடைக்கிற செய்திதான். இதற்கு மேல்தான் கேள்வி பிறக்கிறது: படகுப் போக்குவரத்து எப்போது, எதனால் நின்றது?

இந்தக் கேள்விக்கு இணையத்தில் உடனே ஒரு பதில் வரும். 1965, 1966 புயல்களில் கால்வாய் சேதமாகிப் போக்குவரத்து நின்றது என்று சொல்லும். பிள்ளைகள் அதை அப்படியே எழுதிக்கொள்வார்கள். அங்கே நிறுத்தி, 'புயலுக்கு முன்பே போக்குவரத்து குறைந்துகொண்டு வந்திருந்தால்?' என்று கேளுங்கள். ரயிலும் லாரியும் வந்த பிறகு படகில் சரக்கு ஏற்றினவர் எத்தனை பேர்? அதைச் சொல்ல ஆண்டுவாரியான சரக்குக் கணக்கு வேண்டும். அது பொதுப்பணித் துறையின் ஆண்டறிக்கை, மெட்ராஸ் நிர்வாக அறிக்கை போன்றவற்றில் தேட வேண்டிய விஷயம். அந்த அறிக்கைகளைத் தேடித்தான் பெரிய நூலகத்துக்குப் போகிறோம் என்பது அப்போது பிள்ளைக்குத் தானாகவே விளங்கும். வீட்டுச் செல்போனில் பதில் கிடைத்துவிடும் கேள்வி என்றால் அதை இந்தப் பயணத்துக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். வேறு கேள்வி யோசிக்கச் சொல்லுங்கள். இடம், காலம், ஒரு மாற்றம் ஆகிய மூன்றும் கேள்விக்குள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இது என் அனுபவக் கணிப்புதான். ஆனால் இந்த மூன்றில் ஒன்று இல்லாத கேள்வியோடு வருகிற பிள்ளை பெரும்பாலும் முதல் புத்தகத்தின் முன்னுரையைக் காப்பியடித்துவிட்டுப் போகிறது.

இரண்டாவது வாரம் தேடுசொற்கள். இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள், பெரியவர்களும்கூட. மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆனது 1969-இல். நகரத்தின் ஆங்கிலப் பெயர் மெட்ராஸிலிருந்து சென்னை ஆனது 1996-இல். ஆகவே 1930-களின் அறிக்கையைத் 'தமிழ்நாடு' என்றோ 'சென்னை' என்றோ ஆங்கிலத்தில் தேடினால் ஒன்றும் வராது. செங்கற்பட்டு 'சிங்கிள்புட்' என்றும், தூத்துக்குடி 'டூட்டிகொரின்' என்றும், கொள்ளிடம் 'கொலரூன்' என்றும் இருக்கும். தமிழிலேயே பக்கிங்காம், பக்கிங்ஹாம் என இரண்டு விதமாக எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு ஜோடியும் ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு, இன்றைய பெயர், பழைய பெயர், ஆங்கில எழுத்துக்கூட்டல் என்று குறைந்தது எட்டு சொல் எழுதி வரட்டும். ஆசிரியர் பெயரிலும் இதே சிக்கல் உண்டு. உ. வே. சாமிநாதையரை 'சாமிநாத ஐயர்', 'ஸ்வாமிநாதய்யர்' என்று தேட வேண்டியிருக்கும். ஆங்கிலப் பட்டியலில் 'ச' என்ற எழுத்தை 'சி' என்ற ஆங்கில எழுத்தால் குறித்துக் 'காமினாதையர்' என்று படிக்கும்படியாகக்கூட இருக்கும். தமிழ் எழுத்துகளை ஆங்கிலத்தில் பெயர்த்தெழுத நூலகங்கள் வைத்திருக்கும் முறை அப்படி. அது பிழை இல்லை என்று முன்பே சொல்லி வையுங்கள். முதலெழுத்து பெயருக்குப் பின்னால் போய்விடும் என்பதையும் சொல்லுங்கள், 'சாமிநாதையர், உ. வே.' என்று தேடினால்தான் கிடைக்கும்.

பட்டியலில் தேடுவதைப் பள்ளியின் கணினி அறையிலேயே முடித்துவிடலாம். பெரிய நூலகங்களின் புத்தகப் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. நூலகத்தார் அதை ஓபேக் என்பார்கள். பழைய நூல்கள் கணினியில் ஏறாமல் அட்டைப் பட்டியலில் மட்டும் இருக்கிற நூலகங்களும் உண்டு என்பதால், இணையத்தில் இல்லை என்றாலே புத்தகம் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. தேடிக் கிடைத்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, கால் நம்பர் எனப்படும் அடுக்கு எண் ஆகிய நான்கையும் எழுத வேண்டும். கால் நம்பரைப் பாதி எழுதிக்கொண்டு வருவதுதான் மிக அதிகம் நடக்கும் தவறு. எண்ணுக்குக் கீழே உள்ள எழுத்துகளை விட்டுவிடுவார்கள், 954.82 என்று மட்டும் எழுதினால் தமிழ்நாட்டு வரலாறு முழுவதும் அந்த அடுக்கில் நிற்கும்.

இந்த எண்ணைப் படிக்க ஒரு சின்னப் பயிற்சி சொல்கிறேன், கட்டாயம் செய்யுங்கள். நான்கு அட்டையில் 894.82, 894.8113, 894.8, 894.811 என்று எழுதி நான்கு பிள்ளைகள் கையில் கொடுத்து, வரிசையாக நிற்கச் சொல்லுங்கள். அநேகமாக 894.8113 வைத்திருக்கும் பிள்ளை கடைசியில் போய் நிற்கும், எண் நீளமாக இருப்பதால். சரியான வரிசை 894.8, 894.811, 894.8113, 894.82. புள்ளிக்குப் பிறகு ஒவ்வொரு இலக்கமாகத்தான் ஒப்பிட வேண்டும், முழு எண்ணாகப் படிக்கக் கூடாது. தமிழ் இலக்கியம் 894.811, தமிழ் நாவல் சிறுகதை 894.8113 என்று அர்த்தத்தையும் சேர்த்துச் சொன்னால் எண் மனதில் நிற்கும். இன்னொன்று: ஒரே விஷயம் ஒரே அடுக்கில் இருக்காது. கால்வாய்ப் போக்குவரத்து 386-இல், கால்வாய் கட்டும் பொறியியல் 627-இல், நீர்வளம் 333.91-இல், குடிநீர் வழங்கல் 628.1-இல், ஊர் வரலாறு 954.82-இல் இருக்கும். ஒரு அடுக்கைப் பார்த்துவிட்டு 'வேற புக் இல்ல மிஸ்' என்று சொல்வது இதனால்தான்.

இவையெல்லாம் தூவி (டூயி) தசமப் பகுப்பு என்ற, பொருள்வாரியாகப் புத்தகங்களுக்கு எண் தரும் முறையின் எண்கள். எல்லா இடத்திலும் இதுதான் என்று நினைக்க வேண்டாம். எஸ். ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்று, அங்கே வேலை செய்துகொண்டே உருவாக்கி 1933-இல் வெளியிட்டது கோலன் பகுப்பு முறை. அதில் எண் ஆங்கில எழுத்தில் தொடங்கும். 'வி' என்றால் வரலாறு, 'ஓ' என்றால் இலக்கியம், 44 என்றால் இந்தியா, 31 என்றால் தமிழ். நடுவில் முக்காற்புள்ளி வரும். பிள்ளைகள் போகும் நூலகத்தோடு இவ்வளவு நெருக்கமான ஒரு வரலாறு இருக்கும்போது, அதைப் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். புத்தகத்தின் முதுகில் அப்படி ஓர் எண்ணைப் பார்த்தால் அச்சுப்பிழை என்று நினைக்காமல் நின்று படிப்பார்கள். எந்த முறை எந்தப் பிரிவில் நடப்பில் உள்ளது என்பதை நீங்கள் முன்கூட்டிப் போகும் அன்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வாரத்துக்கு நான் கொடுக்கும் வேலை பழைய அச்சைப் படிப்பது. இதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித்தருவதில்லை, ஆனால் பழைய தமிழ்ப் புத்தகத்தைத் திறந்த உடனே பிள்ளைகள் திகைத்து நிற்பது இங்கேதான். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வரும் முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை என்ற எழுத்துகளுக்கு மேலே கொக்கி போட்ட வேறு வடிவம் இருக்கும். ணா, றா, னா வேறு மாதிரி இருக்கும். இன்னும் பழைய நூல்கள் பலவற்றில் பக்க எண்ணும் ஆண்டும் தமிழ் எண்களில் இருக்கும். ௧ முதல் ௯ வரையும், பத்து ௰, நூறு ௱, ஆயிரம் ௲ என்ற குறிகளையும் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். 1887 என்பதை ௧௮௮௭ என்றும் ௲௮௱௮௰௭ என்றும் எழுதியிருப்பார்கள். ஆண்டுக்குப் பதில் 'பிரபவ வருஷம்' என்று மட்டும் இருந்தால் அது 1867-ஆ, 1927-ஆ, 1987-ஆ என்று முன்னுரையை வைத்துத்தான் கணிக்க முடியும், அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் வருவதால். வருவாய்த் துறை ஆவணங்களில் பசலி என்னும் வரிவசூல் ஆண்டு இருக்கும். 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும், பசலி 1300 என்றால் 1890-91. 1957-க்கு முந்தைய பணக் கணக்கு ரூபாய், அணா, 'பை' என்று இருக்கும். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 'பை'. இந்தப் 'பை'யைப் புதுப் பைசாவோடு குழப்பி, கணக்கையே தவறாக எழுதிவிடுவார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டு பக்கம் அச்செடுத்து ஒரு பீரியட் வாய்விட்டுப் படிக்க வையுங்கள். இரண்டாம் பக்கம் முடிவதற்குள் கண் பழகிவிடும்.

உங்கள் பிள்ளைகள் தமிழ்வழி என்று எழுதியிருக்கிறீர்கள். அறிக்கைகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதை மறைத்துப் பயன் இல்லை. இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, ஒவ்வொரு ஜோடியும் தன் தலைப்பில் 30 ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ப் பொருள் எழுதி எடுத்துவரட்டும். கால்வாய் என்றால் மதகு, கரை, தூர்வாரல், சுங்கம், சரக்கு எடை, இப்படி. இன்னொன்று, ஆங்கில அறிக்கையில் முதலில் அட்டவணையையும் வரைபடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆண்டுவாரியாகச் சரக்கு எவ்வளவு போனது என்ற அட்டவணையைப் படிக்க ஆங்கிலப் புலமை வேண்டாம். பத்தியைப் படிக்கத் தயங்கும் பிள்ளைகூட அட்டவணையிலிருந்து நல்ல செய்தி எடுத்துவிடும். தமிழில் தொடங்க விரும்பினால் தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம் நல்ல முதல் படி. சொல்லின் பழைய பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகமே 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் இருக்கிறது; அதில் பொருள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு இரட்டைப் பயன்.

குறிப்பு எடுக்க நோட்டுப் புத்தகம் வேண்டாம், அஞ்சலட்டை அளவில் வெட்டிய தாள்கள் ஆளுக்கு 15 கொடுங்கள். ஒரு தாளில் ஒரே ஒரு செய்தி. மேலே கால் நம்பர், ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, பக்க எண். இதை எழுதிய பிறகுதான் செய்தியை எழுத வேண்டும். செய்தியை முதலில் எழுதுகிற பிள்ளை பக்க எண்ணை மறந்துவிடும், வீட்டுக்கு வந்த பிறகு அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. புத்தகத்தின் வரியை அப்படியே எழுதினால் மேற்கோள் குறி, தன் நடையில் எழுதினால் குறி இல்லை. அந்தக் குறியை விட்டுவிட்டால் இரண்டு நாள் கழித்து அது யார் எழுதிய வரி என்று எழுதிய பிள்ளைக்கே தெரியாது. பள்ளி நூலகத்திலேயே 40 நிமிடம் ஒத்திகை பாருங்கள்: சீட்டு எழுதி, புத்தகம் வாங்கி, இரண்டு தாள் குறிப்பு எடுத்து, திருப்பிக் கொடுப்பது வரை.

பேனாவைப் பள்ளியிலேயே வைத்துவிட்டு ஆளுக்கு இரண்டு பென்சில் கொண்டுவரச் சொல்லுங்கள். மை ஒருமுறை பட்டால் போகாது. 1870-களிலிருந்து மரக்கூழில் செய்த தாள் புழக்கத்துக்கு வந்தது. அதில் உள்ள அமிலம் காலப்போக்கில் தாளை அரித்து, பழுப்பாக்கி, அப்பளம் போல நொறுங்க வைக்கிறது. அதனால் விரலில் எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது, ஓரத்தை மடிக்கக் கூடாது, விரித்த புத்தகத்தைக் கவிழ்த்து வைக்கக் கூடாது, மேலே முழங்கையை ஊன்றி எழுதக் கூடாது. ஸெராக்ஸ் கண்ணாடியில் அமுக்கினால் முதுகு பிளந்துவிடும் என்பதால்தான் சில புத்தகங்களுக்கு ஸெராக்ஸ் மறுப்பார்கள். காரணத்தைச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் தாங்களாகவே ஒருவரையொருவர் கண்டிப்பார்கள், நீங்கள் பின்னாலேயே நிற்க வேண்டியதில்லை. படித்து முடித்த புத்தகத்தை அடுக்கில் திருப்பி வைக்கவே கூடாது, மேஜையிலேயே விட்டுவிட வேண்டும். உதவி செய்வதாக நினைத்துத் தவறான இடத்தில் செருகிவிட்டால் அடுத்த அடுக்குச் சரிபார்ப்பு வரை அந்தப் புத்தகம் இருந்தும் இல்லாததுதான்.

படம் எடுக்க அனுமதி கிடைத்தால், ஃபிளாஷ் இல்லாமல், முதலில் தலைப்புப் பக்கம், பிறகுதான் வேண்டிய பக்கம், அதுவும் பக்க எண் தெரியும்படி. இந்த வரிசை தவறினால் வீட்டில் போய்ப் பார்க்கும்போது எந்தப் புத்தகத்தின் பக்கம் என்றே தெரியாத இருபது படங்கள் செல்போனில் கிடக்கும். ஜோடிக்கு ஒரு போன் மட்டும் போதும்.

நூலகரிடம் எப்படிக் கேட்பது என்பதையும் வாய்விட்டுப் பழக்குங்கள். கூச்சத்தில் பாதிப் பிள்ளைகள் கேட்கவே மாட்டார்கள். கேட்கிறவர்கள், 'சார், தண்ணியப் பத்தி புக் இருக்கா?' என்பார்கள். அதற்கு யாராலும் உதவ முடியாது. 'சார், பக்கிங்ஹாம் கால்வாய்ல படகு விடறது எப்போ நின்னுச்சுன்னு தேடறோம். 1950-லேருந்து 70 வரைக்கும் சரக்குக் கணக்கு வேணும். இந்த மூணு புக் பாத்துட்டோம், அதுல இல்ல' என்று கேட்டால் அவர் எழுந்து வந்து எடுத்துக் கொடுப்பார். எதைத் தேடுகிறோம், எந்தக் காலம், இதுவரை எதைப் பார்த்தோம் என்ற மூன்றும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. ஒவ்வொரு ஜோடியும் தன் மூன்று வரியை எழுதி, உங்களிடம் ஒருமுறை சொல்லிக் காட்டட்டும்.

போகிற நாள். மயிலாப்பூர்ப் பக்கமிருந்து வருகிறீர்கள் என்றால் பஸ் வாடகைக்கு எடுக்காமல் பறக்கும் ரயிலில் வந்து சேப்பாக்கத்தில் இறங்குங்கள். கால்வாய்க்கு உள்ளேயே ரயில் பாதையின் தூண்கள் நிற்பதை ஜன்னலிலிருந்து பார்க்கலாம், கால்வாய்த் தலைப்பு எடுத்த ஜோடிக்கு அதுவே ஒரு குறிப்பு. 10 மணிக்கு உள்ளே போனால் கையெழுத்து, பை வைப்பது, அறிமுகம் எல்லாம் முடிய 10.45 ஆகிவிடும். 1 மணி வரை ஒரு அமர்வு, சாப்பாடு, பிறகு 1.45 முதல் 3.15 வரை இன்னொன்று. அதாவது உண்மையில் படிக்கக் கிடைப்பது நான்கு மணி நேரம்கூட இல்லை. ஜோடிக்கு நான்கு புத்தகம், பத்துப் பன்னிரண்டு குறிப்பு, இதுதான் எதிர்பார்க்கலாம். புத்தகம் கைக்கு வந்ததும் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்காமல், பொருளடக்கம், பின்னால் சொல்லடைவு (இண்டெக்ஸ்), மேற்கோள் நூல் பட்டியல் ஆகியவற்றைப் பார்க்க 5 நிமிடம் கொடுங்கள். தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றில் சொல்லடைவு இருக்காது. அப்போது பொருளடக்கத்தையும் அத்தியாயங்களின் முதல் பத்தியையும் பார்ப்பதுதான் வழி. மதியம் கடைசி அரை மணி நேரத்தில் புதுப் புத்தகம் வாங்க விடாதீர்கள், தாள்களில் பக்க எண் விடுபட்டிருக்கிறதா என்று சரிபார்க்க வையுங்கள்.

அனுமதி கிடைக்கவில்லை என்றால், அல்லது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளையும் சேர்க்க நினைத்தால், கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். அது பொதுமக்களுக்கானது, அடுக்குகளுக்கு இடையே நடந்து புத்தகத்தைக் கையில் எடுக்கலாம். இளைய பிள்ளைகளுக்கு என் முதல் தேர்வே அதுதான். எழும்பூரில் 1896-இல் திறந்த கன்னிமாரா, இந்தியாவில் அச்சாகும் நூல்களின் பிரதி சட்டப்படி அனுப்பப்பட வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. பழைய தமிழ் இதழ்களும் சிறுவெளியீடுகளும்தான் தலைப்பு என்றால் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். அரசு ஆவணங்கள் என்றால் எழும்பூர் ஆவணக் காப்பகம், அங்கே நடைமுறை இன்னும் கண்டிப்பாக இருக்கும், 20 பேருக்கு ஏற்ற இடம் இல்லை.

ஒரு நாளில் பதில் கிடைக்காது என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பாதி ஜோடிகள் தேடியது இல்லாமல்தான் திரும்பும். தேடியும் கிடைக்காதது எது, எங்கெங்கே தேடினோம் என்று ஒரு தாள் தனியாக எழுதச் சொல்லுங்கள். கட்டுரைக்கு மதிப்பெண் போடும்போது அதற்கும் சேர்த்துப் போடுங்கள், இல்லையென்றால் இல்லாததை இருப்பதாக எழுதத் தோன்றும். கட்டுரையின் முதல் வரைவை இரண்டு நாளுக்குள் எழுத வைத்துவிட வேண்டும், தாளில் உள்ள சுருக்கெழுத்து அதற்கு மேல் புரியாது. நன்றிக் கடிதம் அனுப்பும்போது அந்தக் 'கிடைக்கவில்லை' பட்டியலையும் இணைத்து அனுப்புங்கள். அட்டைப் பட்டியலில் தேடினால் கிடைக்கக்கூடியது எது, வேறு எந்த நூலகத்தில் இருக்கும் என்று அவர்களால் சொல்ல முடியும். விடாமல் தேட விரும்பும் இரண்டு மூன்று பிள்ளைகளை மட்டும் ஒரு சனிக்கிழமை திரும்ப அழைத்துப் போக அந்தப் பதிலையே காரணமாகக் காட்டி அனுமதி கேட்கலாம்.